சென்னையில் விடுதிப் படப்பிடிப்புக்கு ஆள் தேடுவோர் கவனத்திற்கு

ஆலந்தூரில், விமான நிலையத்துக்கு வந்து போவோரை நம்பி நடக்கும் நடுத்தரத் தங்கும் விடுதி ஒன்றின் மேலாளராகப் பணிபுரிகிறேன். அறைகளைப் புதுப்பித்த கையோடு, முன்பதிவுத் தளங்களில் கிடந்த பழைய படங்களை மாற்ற வேண்டும் என்று ஒரு படப்பிடிப்பு நிறுவனத்தை அமர்த்தினோம். அவர்கள் எங்களை ஏமாற்றிய விதம் இந்நகரில் விடுதியோ திருமண மண்டபமோ சர்வீஸ் அபார்ட்மெண்ட்டோ நடத்தும் யாருக்கும் நேரக்கூடியது என்பதால் இதை எழுதுகிறேன். வழக்கறிஞரின் அறிவுரைப்படி பெயரைக் குறிப்பிடவில்லை.

பேச வந்தவர் டேப்லெட்டில் காட்டிய மாதிரிப் படங்கள் உண்மையிலேயே தரமானவை. சுவர்கள் செங்குத்தாக நின்றன. ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மரமும் கட்டிலருகே எரிந்த விளக்கும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரிந்தன. கேமராவை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, வெவ்வேறு வெளிச்ச அளவுகளில் பல படங்கள் எடுத்துப் பிறகு ஒன்றாக இணைத்தால்தான் அப்படி வரும் என்பதை அவரே பொறுமையாக விளக்கினார். அறை வகைகள், வரவேற்பறை, உணவகம், அந்தி நேர முகப்பு, ட்ரோன் படம் எல்லாம் அடங்கிய விலைப்புள்ளி வந்தது. பாதித் தொகையை முன்பணமாக வங்கி வழியே செலுத்தினோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, செப்டம்பரில் முடித்துவிட வேண்டும் என்பதும், அப்போதுதான் டிசம்பரில் ஊர் திரும்பும் வெளிநாட்டுவாழ் குடும்பங்களும் சங்கீத சீசனுக்கு வருவோரும் புதிய படங்களைப் பார்த்து முன்பதிவு செய்வார்கள் என்பதும் அவருக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டது.

பணம் போய்ச் சேர்ந்த பிறகு தேதி நகரத் தொடங்கியது. படப்பிடிப்புக்கென்று அறைகளைக் காலியாக வைத்திருப்போம்; முந்தைய இரவு ஏதாவது ஒரு காரணத்தோடு தகவல் வரும். விற்காமல் விட்ட அறைகளின் வாடகையை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. கடைசியில் அவர்கள் வந்தபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது, அந்தி நேர முகப்புப் படத்துக்கு வேண்டிய நீல வானத்துக்குப் பதில் சாம்பல் நிற மேகம்தான் இருந்தது.

மாதிரிகளைக் காட்டியவர் வரவே இல்லை. ஒரு கேமராவும் ஒரு லென்ஸும் எடுத்துக்கொண்டு இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். முக்காலி இல்லை, விளக்கு இல்லை. எங்கள் ஹவுஸ்கீப்பிங் பெண்கள் விடியற்காலையிலேயே வந்து, விரித்த படுக்கை விரிப்பின் மீதே இஸ்திரிப் பெட்டியை ஓட்டிச் சுருக்கம் எடுத்து, தொலைபேசி ஒயரையும் ஏசி ரிமோட்டையும் கண்ணில் படாமல் மறைத்து வைத்திருந்தார்கள். அந்தக் கட்டிலின் மீது ஒருவர் ஷூ கழற்றாமல் ஏறி நின்று மேலிருந்து படம் எடுத்தார். விரிப்பில் சேறு படிந்தது. “எடிட்டில் சரிசெய்துவிடுவோம், மேடம்” என்று அந்தப் பெண்களிடம் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

எடிட்டில் என்ன செய்தார்கள் என்பதுதான் இந்தப் பதிவின் முக்கியமான பகுதி. வாட்ஸ்ஆப்பில் வந்து சேர்ந்த முதல் தொகுதியில் சுவர்கள் வெளிப்புறமாகச் சாய்ந்திருந்தன. ஜன்னல்கள் வெறும் வெள்ளைக் கட்டமாக வெளுத்திருந்தன. மஞ்சள் விளக்கும் பகல் வெளிச்சமும் கலந்து தலையணை ஒரு பக்கம் ஆரஞ்சாகவும் மறுபக்கம் நீலமாகவும் இருந்தது. நாங்கள் மறுத்த பிறகு திருத்தப்பட்ட தொகுதி வந்தது. அதில் எல்லாம் பளிச்சென்று இருந்தன. முன்பதிவுத் தளங்களைக் கையாளும் எங்கள் ஊழியர் அவசரத்தில் அவற்றை அப்படியே ஏற்றினார். சில நாட்களில் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தினர் வரவேற்பு மேசையில் கைப்பேசியை நீட்டி, “இந்தத் தோட்டம் எங்க சார் இருக்கு?” என்று கேட்டார்கள். அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் சுவரும் அதில் இறங்கும் மழைநீர்க் குழாயும்தான் தெரியும். வெளுத்துப்போன ஜன்னல்களை நிரப்ப, கணினியில் தோட்டம் வளர்த்திருந்தார்கள். அறையின் அகலத்தையும் இழுத்துக் கூட்டியிருந்தார்கள். கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே இரண்டு பேர் நடக்கலாம் போலத் தோன்றியது.

அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அவர்கள் எழுதிய விமர்சனம் இன்றும் இருக்கிறது. அவர்கள் நிலையில் நானும் அதையேதான் எழுதியிருப்பேன். பொய்யான படத்தைப் போட்டு அறை விற்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறாக வழிநடத்தும் விளம்பரமாகிவிடலாம். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது விடுதிதான். படம் எடுத்தவரை விருந்தினர் யாரும் தேடிப் போகமாட்டார்.

ட்ரோன் படத்தின் கதை இதைவிட மோசம். ட்ரோன் விதிகள் 2021-இன்படி, இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் எந்த உயரத்திலும் முன் அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிட முடியாது. மீனம்பாக்கம் ஓடுதளம் எங்களுக்கு எவ்வளவு அருகில் என்பதைச் சொல்லத் தேவையில்லை. முதலில் பேச வந்தவர், அனுமதி வாங்கிவிட்டதாகச் சொல்லித்தான் ட்ரோன் படத்தை விலைப்புள்ளியில் சேர்த்திருந்தார். படப்பிடிப்பன்று ட்ரோன் எதுவும் வரவில்லை. ஆனாலும் வான்வழிப் படம் ஒன்று வந்து சேர்ந்தது. அதில் எங்கள் கட்டிடம் இருந்தது, சுற்றிலும் தென்னை மரங்கள் இருந்தன, இரண்டு தடங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கூடும் ஆலந்தூர் மெட்ரோ நிலையத்தைக் காணவில்லை. எங்கள் மொட்டை மாடியில் நின்றாலே கண்ணில் அடிக்கும் கட்டுமானம் அது!

பாக்கிப் பணத்தை நிறுத்தி வைத்தபோது, விலைப்பட்டியலை எங்கள் கணக்காளர் எடுத்துப் பார்த்தார். 18 சதவீத ஜிஎஸ்டியை, தமிழ்நாட்டுக்குள்ளேயே இயங்கும் நிறுவனம் போல, மத்திய, மாநில வரிகளாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதிலிருந்த பதிவெண்ணோ 29 என்று தொடங்கியது. அது கர்நாடகத்துக்கான குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. ஜிஎஸ்டி தளத்தில் அந்த 15 இலக்க எண்ணைத் தட்டிப் பார்த்ததில், பதிவு ரத்தாகியிருந்தது தெரிந்தது. இந்தச் சரிபார்ப்பை யார் வேண்டுமானாலும் இலவசமாகச் செய்யலாம்.

இதற்குள் மாதிரிகளைக் காட்டியவரிடமிருந்து மிரட்டல் தொனியில் ஒரு கடிதம் வந்தது. படங்களின் பதிப்புரிமை தன்னுடையது, ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தாவிட்டால் முன்பதிவுத் தளங்களில் புகார் செய்து முடக்குவேன் என்று எழுதியிருந்தார். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17, இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது: ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் பெற்றுக்கொண்டு எடுக்கப்படும் புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். எங்கள் விலைப்புள்ளியில் அப்படி மாற்று நிபந்தனை எதுவும் இல்லை. உங்களுடையதில் பொடி எழுத்தில் இருக்கக்கூடும். கையெழுத்திடும் முன் கடைசிப் பக்கம் வரை படியுங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று பலர் சொன்னார்கள். வணிக நோக்கத்துக்காகப் பெற்ற சேவைக்கு அங்கே பொதுவாக இடமில்லை என்று வழக்கறிஞர் விளக்கினார். ஆகவே சட்டப்படியான அறிவிப்பு அனுப்பியிருக்கிறோம். காவல் நிலையத்திலும் மோசடிப் புகார் கொடுத்திருக்கிறோம். முன்பணம் இதுவரை திரும்பவில்லை.

இப்போது வேறொருவர் எடுத்துக் கொடுத்த படங்கள்தான் தளங்களில் இருக்கின்றன. யார் நேரில் வந்து எடுப்பார், மழை வந்தால் தேதி எப்படி மாறும், எந்த அளவில் எத்தனை படங்கள் தரப்படும், மூலக் கோப்புகள் யாரிடம் இருக்கும், ஜன்னல் காட்சியை மாற்றக் கூடாது என்பது வரை அவரிடம் எழுதி வாங்கினோம். ஒரே ஓர் அறையை மட்டும் முதலில் எடுத்துக் காட்டச் சொல்லி, அதற்குத் தனியாகப் பணம் கொடுத்தோம். அவர் அதில் கோபித்துக்கொள்ளவில்லை.

பழைய ஆள் வேறு பெயரில் இன்னும் விடுதிகளை அணுகுவதாகக் கேள்விப்படுகிறேன். வெள்ளைத் திரைச்சீலை, பித்தளை உருளி, ஜன்னலுக்கு வெளியே ஒரு நாகலிங்க மரம் என்று ஒரு மாதிரிப் படத்தை யாராவது உங்களிடம் காட்டினால், அதைக் கூகுள் படத்தேடலில் போட்டுப் பாருங்கள். அது கேரளத்து விடுதி ஒன்றின் இணையதளத்தில் பல ஆண்டுகளாக இருக்கும் படம்.