சிர்ரஸ், ஆஸ்டிர், எல்எஸ்4: பழைய கிளைடரில் எது இயல்பு, எது பழுது?

இறக்கை முனைக்கு முனை 15 மீட்டர் உள்ள, ஒருவர் அமரும் கண்ணாடியிழை கிளைடரை (எஞ்சின் இல்லாத விமானம்) பழையதாகத் தேடினால் அடிக்கடி கண்ணில் படும் ஜெர்மன் கிளைடர்கள் மூன்று: ஸ்டாண்டர்ட் சிர்ரஸ் (முதல் பறப்பு 1969), குரோப் ஆஸ்டிர் சிஎஸ் (1974), எல்எஸ்4 (1980). சறுக்கு விகிதம் (ஒரு மீட்டர் உயரம் இழந்தால் எத்தனை மீட்டர் முன்னேறும் என்பது) மூன்றுக்கும் ஏறக்குறைய 1:37 முதல் 1:40 வரை. இந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

சிர்ரஸில் மூக்கை ஏற்றி இறக்கும் தனி எலிவேட்டர் (வாலின் பின்விளிம்பு மடல்) கிடையாது. கிடைமட்ட வால் முழுவதுமே அசையும். ஸ்டிக்கில் (கட்டுப்பாட்டுக் கம்பி) எதிர்ப்பு மிகக் குறைவு என்பதால், இழுவை விமானத்தின் பின்னால் கிளம்பும்போது மூக்கு மேலும் கீழும் ஆடும். அதைத் துரத்தித் திருத்தப் போனால் ஆட்டம் பெரிதாகும். முன்கையைத் தொடையில் ஊன்றி, ஸ்டிக்கை விரல்களால் மட்டும் பிடியுங்கள். இது அந்த வகையின் இயல்பு. ஆனால் தரையில் ஸ்டிக்கை ஒருவர் அசையாமல் பிடித்திருக்க, வாலின் விளிம்பை மெல்ல அசைத்தால் 'டக் டக்' என்று ஆட்டம் தெரிகிறதா? அது தேய்மானம். கையேட்டின் வரம்போடு ஒப்பிடாமல் பறக்கக் கூடாது. ஸ்டாலிலும் (வேகம் குறைந்து இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) சிர்ரஸ் அதிகம் எச்சரிக்காது, ஒரு இறக்கை சட்டென்று சரியும். இறங்கும்போது உயரத்தைக் குறைக்க உதவும் ஏர்பிரேக்கும் சுமார்தான்.

ஆஸ்டிரின் இறக்கைப் பரப்பு 12.4 சதுர மீட்டர், சிர்ரஸுக்குச் சுமார் 10. காக்பிட் விசாலம், சுபாவம் சாது. ஆனால் இறக்கைகள் கனம். பூட்டிக் கழற்றுவது பெரும்பாடு. தனியாக டிரெய்லரோடு அலைபவருக்கு ஒத்துவராது.

எல்எஸ்4-இல் ஏர்பிரேக் வலுவானது, ஸ்டால் மென்மை. பணம் இருந்தால், முதல் சொந்தக் கிளைடராக நாங்கள் தயங்காமல் சொல்வது இதைத்தான். இவ்வளவு சாதுவான வகை சோதனைப் பறப்பில் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் இறக்கையைச் சரித்தால், அது இயல்பல்ல. பழுது பார்த்த இடத்தைத் தேடுங்கள்.

மூன்றுக்கும் பொதுவாக, செங்குத்து வாலுக்குச் சற்று முன்னால் உடற்பகுதியைச் சுற்றி ஜெல்கோட்டில் (கண்ணாடியிழை மேலுள்ள வெளிப்பூச்சு) வளைய விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். தரையிறங்கும்போது இறக்கை முனை தட்டி வண்டி சுழன்றதன் தடயம் அது. நாணயத்தால் தட்டினால் நல்ல இடம் 'டிங்' என்னும், அடுக்குகள் பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். ஜெல்கோட் முழுக்க வெடித்திருந்தால் மறுபூச்சுச் செலவு கிளைடர் விலையையே எட்டலாம். இழுவைக் கயிற்றை மாட்டும் டோஸ்ட் கொக்கியை 2,000 கிளம்பல்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், பதிவேட்டைக் கேளுங்கள்.

கடைசியாக எடை அறிக்கை. பழுதுபார்ப்பில் வாலில் ஒரு கிலோ ஏறினால், அதைச் சமன் செய்ய இருக்கையில் பல கிலோ வேண்டும். ஒல்லியான பைலட் அமர்ந்தால் ஈர்ப்பு மையம் அதன் பின் வரம்பைத் தாண்டிவிடும்; சிர்ரஸ் அப்போது இன்னும் துள்ளும், ஸ்பின்னிலிருந்து (சுழன்றபடி விழும் நிலை) மீள்வதும் கடினமாகும். காக்பிட் தகட்டிலுள்ள குறைந்தபட்ச பைலட் எடை அந்த அறிக்கையோடு ஒத்துப்போகாவிட்டால், மறுபடி எடை போட்ட பிறகே விலை பேசுங்கள்.