பைராய்ட் வாக்னர் அருங்காட்சியகம்: பக்கத்து வீட்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்

நியூரம்பெர்க்கிலிருந்து ரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பைராய்ட் வந்துவிடும். உலகின் பல மூலைகளிலிருந்தும் இசை ஆர்வலர்கள் இந்தச் சிறு பவேரிய நகரத்துக்கு வருவது பெரும்பாலும் ஒரே மனிதருக்காகத்தான். ரிச்சர்டு வாக்னர் (1813–1883) தம்முடைய இசைநாடகங்களுக்கென்றே இங்கே ஒரு குன்றின்மேல் அரங்கம் கட்டி 1876இல் விழாவைத் தொடங்கினார். ஊருக்குள் தாம் குடியிருக்க வான்ஃபிரீட் என்ற மாளிகையையும் கட்டிக்கொண்டார். அந்த மாளிகை, அதன் பக்கத்தில் அவர் மகன் சீக்ஃபிரீட் வாழ்ந்த வீடு, 2015இல் திறக்கப்பட்ட புதிய கட்டடம் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் இன்றைய ரிச்சர்டு வாக்னர் அருங்காட்சியகம்.

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல்முறை ஒரு சுற்றுலா நிறுவனத்தின் குழுவோடு போனபோது, வழிகாட்டி மாளிகையின் பெரிய கூடத்தையும் தோட்டத்துக் கல்லறையையும் காட்டிவிட்டு, பக்கத்து வீட்டைத் தொலைவிலிருந்தே சுட்டி, அது அரசியல் சம்பந்தப்பட்டது, பார்க்காவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்லி எங்களைப் பேருந்துக்கு அழைத்துப் போய்விட்டார். கல்லூரி நாளிலிருந்து வாக்னரின் இசையைக் கேட்டு வருபவன் என்ற முறையில் அன்று எனக்கும் அது உள்ளூர நிம்மதியாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த நிம்மதி தவறானது என்று பிறகு தோன்றியதால்தான் இரண்டாம் முறை தனியாகப் போனேன். இந்த மதிப்புரை அந்த இரண்டாம் பயணத்தைப் பற்றியது.

மாளிகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் வாக்னரைப் புரந்த பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக்கின் மார்பளவுச் சிலை நிற்கிறது. 1945 ஏப்ரலில் விழுந்த குண்டு தோட்டத்தைப் பார்த்த பகுதியைச் சிதைத்துவிட்டது. பின்னர் சீரமைக்கப்பட்டு, 1976இல் இது அருங்காட்சியகமாயிற்று. அழிந்துபோன அறைகலன்களுக்குப் போலி செய்து வைக்காமல், வெள்ளைத் துணி போர்த்திய உருவங்களாக மட்டும் அவற்றின் இடத்தைக் காட்டியிருக்கிறார்கள். எது உண்மையானது, எது இல்லாமல் போனது என்பதைப் பார்ப்பவருக்கு மறைக்காத இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தோட்டத்தில் வாக்னரும் அவர் மனைவி கோசிமாவும் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் கல்லறைமேல் பெயர்கூடப் பொறிக்கப்படவில்லை. புதிய கட்டடத்தில் மேடை மாதிரிகளும் ஆடைகளும் இருக்கின்றன. நாடக மேடையில் ஆர்வமுள்ளவர்கள் அங்கேயே ஒரு மணி நேரம் செலவிடலாம்.

சீக்ஃபிரீடின் வீடு வேறு வகையானது. முப்பதுகளின் வசதியான குடும்ப வீடு எப்படி இருந்ததோ அப்படியே சாப்பாட்டு அறையும் கணப்பு அறையும் காக்கப்பட்டிருக்கின்றன. இந்த வீட்டில்தான் விழாக் காலங்களில் ஹிட்லர் விருந்தினராகத் தங்கினார். பயங்கரமான காட்சி எதுவும் அங்கே இல்லை. நல்ல மரவேலை, நல்ல வெளிச்சம், தோட்டத்தைப் பார்த்த சன்னல்கள். இப்படிப்பட்ட அறையில், படித்தவர்களும் இசை அறிந்தவர்களும் உட்கார்ந்து அந்த மனிதரை வீட்டுப் பிள்ளைபோல் உபசரித்தார்கள் என்பதை, எந்த நூலில் படித்ததைவிடவும் அந்த அறையில் நின்றபோதுதான் நான் முழுமையாக உணர்ந்தேன். சீக்ஃபிரீட் 1930இல் இறந்தபின் விழாவை நடத்திய அவருடைய மனைவி வினிஃப்ரெட், 1926இலேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். போர் முடிந்து முப்பது ஆண்டுகள் கழித்து, 1975இல், ஒரு ஆவணப்பட இயக்குநரிடம் பேசியபோதும், ஹிட்லர் இப்போது இந்தக் கதவைத் திறந்துகொண்டு வந்தால் முன்போலவே மகிழ்ச்சியோடு வரவேற்பேன் என்ற பொருளில் அவர் பேசினார்.

இதைக் கேட்டதும், வாக்னர் 1883இலேயே இறந்துவிட்டாரே, மருமகள் செய்ததற்கு அவர் எப்படிப் பொறுப்பாவார் என்று கேட்கத் தோன்றும். நானும் பல ஆண்டுகள் இந்த வாதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். ஆனால் இந்த வீட்டுக்குள் நுழைகிறவர், வாக்னரே எழுதிய ஒரு கட்டுரையை அறிந்துகொண்டு நுழைய வேண்டும் என்று இப்போது கருதுகிறேன். 1849இல் டிரெஸ்டன் நகரில் அரசுக்கெதிராக நடந்த எழுச்சியில் பங்கெடுத்துவிட்டு, கைது ஆணைக்குத் தப்பி, சூரிச்சில் அகதியாக வாழ்ந்த காலத்தில், 1850இல், இசையில் யூதத்தன்மை என்ற கட்டுரையை அவர் புனைபெயரில் வெளியிட்டார். யூதர் தலைமுறை தலைமுறையாக ஒரு நாட்டில் வாழ்ந்து அந்நாட்டு மொழியைப் பேசினாலும் அதை அந்நியராகவே பேசுவார், ஆகவே அம்மொழியில் பிறக்கும் இசையையோ கவிதையையோ அவரால் படைக்க முடியாது, போலச் செய்யத்தான் முடியும் என்பது அதன் மையவாதம். மூன்றாண்டுகளுக்கு முன் இறந்துவிட்ட, யூதக் குடும்பத்தில் பிறந்த இசையமைப்பாளர் மெண்டல்சோனையும் அவர் விட்டுவைக்கவில்லை. பாரிஸில் வறுமையில் வாடியபோது தமக்குப் பணம் கொடுத்தும், தம் நாடகம் டிரெஸ்டனில் மேடையேறப் பரிந்துரைத்தும் உதவிய யூத இசையமைப்பாளர் மேயர்பேரை, பெயர் சொல்லாமலே யாவருக்கும் புரியும்படி தாக்கினார்.

பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1869இல், புகழும் மன்னரின் ஆதரவும் கைக்கு வந்தபின், எந்தக் கட்டாயமும் இல்லாத நிலையில், அதே கட்டுரையை விரித்து எழுதித் தம் சொந்தப் பெயரிலேயே மறுபடி வெளியிட்டார். இளமைக் கோபத்தில் எழுதியது என்ற சமாதானம் இந்த இடத்தில் நிற்கவில்லை. அறியாமை என்றும் சொல்ல முடியாது. மொழிக்கும் இசைக்கும் உள்ள உறவைப் பற்றி அவரைப்போல் ஆழமாக யோசித்த இசையமைப்பாளர்கள் அக்காலத்தில் மிகச் சிலரே. அந்த யோசிக்கும் ஆற்றல்தான் இங்கே வெறுப்புக்கு ஒரு கோட்பாட்டைக் கட்டிக்கொடுக்கிறது. எட்டு ஆண்டுகளாக ஜெர்மன் பேசியும் உச்சரிப்பில் தமிழ் தெரியும் எனக்கு, இங்கேயே பிறந்து ஜெர்மனில் கனவு காணும் மகளைப் பெற்ற எனக்கு, அந்த வாதம் வரலாற்று நூலின் ஒரு பக்கமாக மட்டும் தெரியவில்லை. அது என் மகளைப் பற்றியும் பேசுகிறது என்றே படித்தேன்.

இதே மனிதர்தான் தம் கடைசி நாடகத்தின் முதல் அரங்கேற்றத்தை, 1882இல், ரபி (யூத மதகுரு) ஒருவரின் மகனான இசைநடத்துநர் ஹெர்மன் லேவியின் கையில் ஒப்படைத்தார். லேவி மதம் மாற வேண்டும் என்று வற்புறுத்திக்கொண்டும் இருந்தார். பழிதூற்றும் கடிதம் ஒன்று வந்து மனம் நொந்து விலகிப் போன லேவியைத் திரும்ப அழைத்ததும் அவரே. இதைக் காட்டி அவருடைய வெறுப்பு வெறும் பேச்சளவில்தான் இருந்தது என்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தமக்குத் தேவைப்பட்ட ஒருவரின் திறமையை ஏற்றுக்கொண்டு, அவர் இனத்தைப் பற்றிய கருத்தை மட்டும் மாற்றாமல் வைத்திருப்பது அந்த வெறுப்பு எவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது என்பதையே காட்டுகிறது.

கோசிமாவின் மகள் ஈவாவை 1908இல் மணந்த, ஆங்கிலேயராகப் பிறந்த எழுத்தாளர் ஹூஸ்டன் சேம்பர்லைன் அந்தக் கருத்தை முழு இனக்கோட்பாடாக வளர்த்தார். 1923 அக்டோபர் தொடக்கத்தில் ஹிட்லர் வான்ஃபிரீடுக்கு முதன்முதலாக வந்தார். அவரைச் சந்தித்த சேம்பர்லைன் ஒரு வாரத்துக்குள் அவரைப் போற்றிக் கடிதம் எழுதினார். சேம்பர்லைன் வாழ்ந்த வீடு அருகிலேயே இருக்கிறது. பின்னாளில் அது எழுத்தாளர் ஜான் பவுலின் அருங்காட்சியகமாயிற்று. நேரம் இருந்தால் அந்த வாசலிலும் ஒரு நிமிடம் நில்லுங்கள். இரண்டு வீடுகளுக்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு குறைவு என்பது தெரியும்.

மாளிகையில் இசை, பக்கத்து வீட்டில் அரசியல் என்று இருப்பதால், இசை வாக்னருடையது, அரசியல் வாரிசுகளுடையது என்ற எண்ணத்தோடு வெளியேறுவது எளிது. அதைத் தவிர்க்க என் யோசனை: முதலில் சீக்ஃபிரீட் வீட்டுக்குப் போங்கள், பிறகு மாளிகைக்கு வாருங்கள். நான் அப்படித்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு பெரிய கூடத்தில் நின்றபோது, அந்த இசை எனக்கு எந்த வகையிலும் சிறுத்துவிடவில்லை, அதை எழுதியவரும் எனக்கு நல்லவராகிவிடவில்லை. இரண்டில் ஒன்றை நான் கைவிட்டாக வேண்டும் என்று அருங்காட்சியகம் வற்புறுத்தவும் இல்லை. இதைவிட நல்ல சேவையை ஓர் அருங்காட்சியகத்திடம் நான் எதிர்பார்க்க மாட்டேன்.

ஜூலை, ஆகஸ்ட் தவிர மற்ற மாதங்களில் திங்கள்கிழமை விடுமுறை. ஆங்கிலம் தெரிந்தால் போதும், ஜெர்மன் தேவையில்லை. மூன்று கட்டடங்களுக்கும் அரை நாளாவது ஒதுக்குங்கள்.

மீதி அரை நாளில் ரயில் நிலையத்தைத் தாண்டிக் குன்றின்மேல் இருக்கும் விழா அரங்குக்கு நடந்து போங்கள். அரங்கின் கீழுள்ள பூங்காவில், வாக்னர் சிலையைச் சுற்றி, 2012 முதல் பலகைகள் நிற்கின்றன. கட்டணம் எதுவும் இல்லை. இந்த விழாவில் பங்கேற்று, யூதர் என்பதற்காகத் துரத்தப்பட்ட, கொல்லப்பட்ட கலைஞர்களின் படங்களும் வாழ்க்கைக் குறிப்புகளும் அவற்றில் உள்ளன. வாக்னரின் பாத்திரங்களை இந்த மேடையிலேயே பாடிய ஓட்டிலியே மெட்ஸ்கர்-லாட்டர்மன் 1943இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். ஹென்ரியெட்டே கோட்லீப் 1942இல், போலந்தின் லோட்ஸ் நகரில் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த சேரியில் இறந்தார். நான் போன அன்று மழை தூறிக்கொண்டிருந்தது; குடையைப் பிடித்தபடி ஒவ்வொரு பலகையாகப் படித்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.