கேட்டர்ஹாம் செவனா, மாஸ்டா எம்எக்ஸ்-5ஆ?

எடை குறைந்த, பழைய பாணி ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டில் வந்து நிற்கும். 1957இல் பிரிட்டிஷ் நிறுவனமான லோட்டஸ் கொண்டுவந்த செவன் காரின் தயாரிப்பு உரிமையை 1973இல் கேட்டர்ஹாம் நிறுவனம் பெற்றது. வடிவம் இன்றும் ஏறக்குறைய அதேதான். எம்எக்ஸ்-5, பழைய பிரிட்டிஷ் திறந்த கார்களின் சாயலில் 1989இல் வந்த ஜப்பானியத் தயாரிப்பு.

எடையில் செவனுக்கு ஈடில்லை. பல மாடல்கள் 600 கிலோவுக்குள் அடங்கிவிடும். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 சுமார் 950 கிலோ. வளைவுகளில் இந்த எடை வித்தியாசம் முதுகுத்தண்டுவரை தெரியும். மழை வந்தாலோ செவன்காரர் பாடு திண்டாட்டம்: கூரைத் துணியைப் பொத்தான் பொத்தானாக மாட்டுவதற்குள் தொப்பலாக நனைந்துவிடுவார். எம்எக்ஸ்-5இல் உட்கார்ந்தபடியே இழுத்து மூடலாம். தினமும் ஓட்ட நான் அதைத்தான் சொல்வேன்.

பராமரிப்பில் செவன் எளிது. பானெட்டைக் கழற்றினால் எஞ்சின் முழுவதும் கைக்கு எட்டும். எஃகுக் குழாய்ச் சட்டத்தில் பூச்சு உரிந்த இடங்களை மட்டும் உடனுக்குடன் சரிசெய்ய வேண்டும்.

எம்எக்ஸ்-5இன் எஞ்சின் கெட்டி; எமன் துருதான். கூரைக்குப் பின்னுள்ள வடிகால் துளைகளில் இலைச்சருகு அடைத்தால், தண்ணீர் கதவுக்கடியில் உள்ள பெட்டிப் பகுதியில் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும். பெயின்ட் கொப்பளிக்கும்போது பாதித் தகடு போயிருக்கும். வாங்குமுன் குனிந்து, பின்சக்கரத்துக்கு முன்னால் விரலால் அழுத்திப் பாருங்கள்.