தில்லி: 22 ஆண்டுகள் வாழ்ந்து பார்த்தபின்

2003 ஜனவரியில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலிருந்து புது தில்லி நிலையத்தில் இறங்கினேன். பனிமூட்டத்தில் நடைமேடையின் மறுமுனை தெரியவில்லை. குளிருக்குப் புதிதாக வருகிறவர்கள் ஸ்வெட்டரை நம்ப வேண்டாம். முதல் நாளே ஒரு ரஜாய் (பஞ்சு அடைத்த கனமான போர்வை) வாங்கிவிடுங்கள். இந்தியைப் பற்றிக் கவலை வேண்டாம். காய்கறி வண்டிக்காரர்களிடம் பேசிப் பேசியே வந்துவிடும்.

நான் வருவதற்குச் சில நாட்கள் முன்பு, 2002 டிசம்பர் 24 அன்றுதான் ஷாதராவுக்கும் தீஸ் ஹஸாரிக்கும் இடையே மெட்ரோ ஓடத் தொடங்கியிருந்தது. இன்று அது குருகிராம், நொய்டா, ஃபரீதாபாத் வரை போகிறது. இந்த நகரத்தில் எனக்கு முழு நிறைவு தந்தது இதுதான். 2010 முதல் முன்பெட்டி பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. என் மகள் இரவு ஒன்பது மணிக்குக் கல்லூரியிலிருந்து அதில்தான் திரும்புகிறாள்.

அடுத்தது மரங்கள். தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்றுவதாக 1911இல் அறிவித்த பிறகு, புது தில்லியின் சாலைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை மரமென்று வரிசையாக நட்டார்கள். அசோகா சாலையில் நாவல், அக்பர் சாலையில் புளி, ஜன்பத்தில் மருதம். மருத மரத்தடியில் பஸ்ஸுக்குக் காத்திருந்த நாட்களில் ஊரை விட்டு வந்த ஏக்கம் பாதி குறைந்துவிடும். ஜூலையில் அசோகா சாலை நடைபாதை முழுக்க ஊதாக் கறை. நசுங்காத பழமாகப் பொறுக்கி, கைக்குட்டையில் துடைத்துத் தின்றிருக்கிறேன். அக்டோபர் இரவுகளில் ஏழிலைப்பாலை பூத்துத் தெருவே மணக்கும்.

அந்த மணம் அடங்கும்போதே புகை வந்துவிடுகிறது. மழை ஓய்ந்து காற்றும் அசையாமல் நின்றுவிட, குளிர்ந்த காற்று தரையோடு படிகிறது. வாகனப் புகை, கட்டுமானத் தூசி, பஞ்சாப், ஹரியானா வயல்களில் எரிக்கும் வைக்கோல், தீபாவளி வெடி எல்லாம் அதற்குள் சிக்கிக்கொள்கின்றன. அக்டோபரில் காற்றுச் சுத்திகரிப்பானில் வெள்ளை வெளேரென்று நான் மாட்டிய வடிகட்டி, டிசம்பரில் அடுப்புக்கரி துடைத்த துணிபோல் கழன்று வருகிறது. அதைக் கையில் பிடித்து நிற்கும்போது, சுத்திகரிப்பான் இல்லாத அறைகளில் தூங்கும் பிள்ளைகளின் நுரையீரல்தான் நினைவுக்கு வரும். மகளுக்கு ஆறு வயதில் மூச்சிரைப்பு வந்ததும் ஒரு நவம்பரில்தான். ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் இங்கே வேலையை ஏற்கும் முன், நவம்பர், டிசம்பரில் வேறு ஊரில் தங்க வழி உண்டா என்று பார்த்துவிடுங்கள்.

கோடை வேறு விதம். மே மாதம் 'லூ' என்னும் அனல்காற்று முகத்தில் அறையும். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டால் அதிலிருந்து தப்பிக்கலாம்.

அம்மாவைப் பிப்ரவரிக் கடைசியில் மட்டும் வரவழைக்கிறேன். அப்போது இலவ மரங்கள் இலையே இல்லாமல் சிவக்கப் பூத்து நிற்கும். லோதி தோட்டத்தில் தில்லி சுல்தான் சிக்கந்தர் லோதியின் கல்லறைக்கு அருகே புல்லில் உட்கார்ந்து இருவரும் ஆரஞ்சு உரித்துத் தின்போம். மார்ச் இறுதியில், வெயில் ஏறுவதற்குள் ரயிலேற்றிவிடுவேன்.