வாரியமா, குழுத் தலைமையா?

உலக அளவிலான அவசர மருத்துவச் சங்கத்தில் பொறுப்புக்கு வர நினைப்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள்தான்: நிர்வாக வாரியத் தேர்தலில் நிற்பது, இல்லாவிட்டால் பயிற்சித்திட்டம், அல்ட்ராசவுண்ட், பேரிடர் போன்ற ஒரு துறைக் குழுவுக்குத் தலைமை ஏற்பது.

வாரியப் பதவிக்கு மரியாதை அதிகம், ஆனால் உங்கள் திறமை மட்டும் அங்கே போதாது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியச் சங்கங்கள் சேர்ந்து 1991இல் தொடங்கிய சர்வதேச அவசர மருத்துவக் கூட்டமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது அடிப்படையில் தேசியச் சங்கங்களின் கூட்டமைப்பு என்பதால், உங்கள் நாட்டுச் சங்கத்திலேயே உங்களை யாருக்கும் தெரியாது என்றால் மேலே போவது கஷ்டம். ஜெயித்த பிறகும் நிதி, விதிமுறை, மாநாடு நடத்த வரும் விண்ணப்பங்கள் என்றுதான் நேரம் போகும், நோயாளி பற்றிய பேச்சு குறைவு. (அரசியல் பிடித்தவர்களுக்கு இது சுகமான இடம், சொல்லிவைக்கிறேன்.)

குழுத் தலைமைக்குப் பளபளப்பு கிடையாது. இணையக் கூட்டத்துக்கு யாரோ ஒருவர் நள்ளிரவில் விழித்திருக்க வேண்டும், எழுதித் தருகிறேன் என்றவர்களில் பாதிப்பேர் காணாமல் போவார்கள், சம்பளமும் இல்லை. ஆனால் அங்கே உருவாகும் வழிகாட்டியை, அவசரப் பிரிவே இப்போதுதான் தொடங்கும் ஒரு மருத்துவமனை எடுத்துப் பயன்படுத்த முடியும். அவசர சிகிச்சை அமைப்புகளை வலுப்படுத்தச் சொல்லி உலக சுகாதார சபை 2019இல் தீர்மானம் போட்டதே, அதைச் செயலாக்கவும் இந்த மாதிரி ஆவணங்கள்தான் வேண்டும்.

இளையவர் என்றால் குழுவுக்கே போங்கள். ஏற்கெனவே தேசியச் சங்கத்தை நடத்திப் பழகியவர், உங்கள் மருத்துவமனையின் துறைத் தலைவரும் விடுப்புக்கு முகம் சுளிக்காதவர் என்றால், சரி, வாரியத்துக்கு மனு கொடுக்கலாம்.