வெயில் தொப்பி பின்ன எந்தக் காட்டன் நூல்?

கொக்கி ஊசியால் பின்னும் குரோஷேத் தொப்பி ஒன்று பின்னலாம் என்று நூல் கடைக்குப் போய் ‘காட்டன் கொடுங்க’ என்றால், நாலைந்து விதமான சரக்கு மேஜைக்கு வரும். பளபளவென்று மெர்சரைஸ்டு காட்டன், மங்கலாக மெத்தென்று இருக்கும் சாதா நிட்டிங் காட்டன், குழந்தைச் சாமான் பின்னுகிறவர்கள் விரும்பும் மில்க் காட்டன், பனியன் துணியை ரிப்பன் மாதிரி வெட்டிச் சுற்றிய டி-ஷர்ட் நூல். எல்லாவற்றின் மேலும் காட்டன் என்றே எழுதியிருக்கும். எது அழகு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும், அதில் நான் தலையிடவில்லை. என் அளவுகோல் வேறு: பகல் பன்னிரண்டு மணிக்கு பஸ் ஸ்டாப்பில் நிற்கிற தலைக்கு நிழல் கிடைக்கிறதா, வியர்வையைத் தாங்குகிறதா, துவைத்த பிறகும் தலைக்குப் பொருந்துகிறதா.

இப்படிக் கேட்டால் நூலுக்கு முன்பே ஒரு விஷயத்தைப் பேசியாக வேண்டும். அது ஓட்டை.

இணையத்தில் கண்ணைப் பறிக்கும் கோடைத் தொப்பிகளில் பாதி, பூ வேலைப்பாடும் கிரானி ஸ்கொயர் என்ற சதுரத் துண்டுகளுமாக வலை போல இருப்பவை. போட்டோவுக்குச் சரி. நெற்றியில் புள்ளி புள்ளியாக வெயில் விழும். துணி எவ்வளவு புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது என்பதற்கு யூ.பி.எஃப். என்று ஓர் எண் உண்டு. அது 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு கதிர்தான் உள்ளே வரும். நாம் உடுத்தும் மெல்லிய வெள்ளைக் காட்டன் டி-ஷர்ட்டுக்கே அது 5 முதல் 7 வரைதான் இருக்கும். நனைந்தால் இன்னும் குறையும். நெருக்கமாக இயந்திரத்தில் பின்னிய துணியின் கதையே இதுவென்றால், விரல் நுழைகிற ஓட்டையுள்ள தொப்பியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த டிசைன்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், உள்ளே நெருக்கமாக நெய்த காட்டன் துணியில் ஒரு லைனிங் தைத்துவிடுங்கள்.

கண்ணி வகையில் எனக்கு மறுபேச்சே இல்லை, குட்டையான, நெருக்கமான சிங்கிள் குரோஷேதான். (அமெரிக்கப் பெயர் முறையில் சொல்கிறேன், பிரிட்டிஷ் பேட்டர்னில் இதையே டபுள் என்று எழுதியிருப்பார்கள்.) டபுள் குரோஷேயின் கண்ணி தூண் போல உயரம், அதனால் வேகமாக வளரும், ஆனால் தூணுக்குத் தூண் சந்து விடும். ஹாஃப் டபுள் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். கை வலிக்கிறவர்கள் அதை எடுத்துக்கொண்டு, ஊசியை அரை மில்லிமீட்டர் குறைத்துக்கொள்ளலாம். சிங்கிளிலும் இன்னும் நெருக்கம் வேண்டுமானால், கண்ணிக்குள் ஊசியை விட்ட பிறகு நூலை மேலே சுற்றி இழுக்காமல் கீழிருந்து கொக்கியில் மாட்டி இழுங்கள். அமிகுருமி பொம்மை பின்னுகிறவர்கள் செய்வது இதுதான். கண்ணி ‘வி’ போலத் தெரியாமல் பெருக்கல் குறி போல விழும், பஞ்சை அடைத்தாலும் வெளியே தெரியாத அளவுக்குச் சந்து குறையும். சுற்று வலப்பக்கம் சாய்ந்துகொண்டே போவதும் இதில் குறைவு.

இவ்வளவு நெருக்கமாகப் பின்னினால் தலை புழுங்காதா? கொஞ்சம் புழுங்கும். அதற்கு உச்சியைத் தொடாமல், பக்கச் சுவரில் மட்டும் ஒரு சுற்று வலைக்கண் விட்டால் போதும். நடுப்பகல் வெயில் மேலிருந்து இறங்குவது. பக்கத்தில் ஒரு வரிசை ஓட்டையால் பெரிய நஷ்டமில்லை, காற்றும் ஓடும்.

இனி நூல். உண்மையான போட்டி மெர்சரைஸ்டுக்கும் சாதாவுக்கும்தான்.

ஜான் மெர்சர் என்ற இங்கிலாந்து லங்காஷயர்க்காரர் 1844-இல் பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் நனைத்துப் பார்த்தார். பட்டையாக முறுக்கிக் கிடந்த நார் உப்பி உருண்டையானது, நூல் வலுத்தது, சாயமும் நன்றாக ஏறியது. ஆனால் சுருங்கித் தொலைத்ததால் ஆலைக்காரர்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நூலை இழுத்துப் பிடித்தபடியே நனைத்தால் சுருங்காது, கூடவே பளபளப்பும் வரும் என்று 1890 வாக்கில் ஹொரேஸ் லோ காட்டிய பிறகுதான் வியாபாரம் சூடு பிடித்தது. இந்தப் பழைய கதை தொப்பிக்கு அப்படியே பொருந்துகிறது. மெர்சரைஸ்டு நூல் பட வேண்டிய பாட்டையெல்லாம் ஆலையிலேயே பட்டுவிட்டு வந்தது. பின்னிய அளவுதான் துவைத்த பிறகும். கண்ணி ஒவ்வொன்றும் எண்ணலாம் போலத் தெளிவாக நிற்கும், விளிம்பு தொங்காது, நிறம் வருடக்கணக்கில் மங்காது.

அதன் குறையும் அங்கேயே இருக்கிறது. சுருங்காது, இழை உப்பிப் பூக்காது என்பதால், நீங்கள் விட்ட சந்து சந்தாகவே இருக்கும். வழுவழுப்பான நூல் ஊசியிலிருந்து நழுவும். கம்பளி மாதிரி இழுபடும் குணம் எந்தக் காட்டனுக்குமே கிடையாது, இறுக்கி முறுக்கிய இதற்குச் சுத்தமாகக் கிடையாது. ஒரு மணி நேரம் இறுக்கமாகப் பின்னினால் மணிக்கட்டு கேள்வி கேட்கும். மெர்சரைஸ்டு நூல் வியர்வையை உறிஞ்சாது என்று சிலர் சொல்வது மட்டும் தவறு. நாரின் ஈரம் பிடிக்கும் சக்தி இந்தப் பக்குவத்தால் கூடத்தான் செய்கிறது. மேல் பிசிறைச் சுட்டு எடுத்திருப்பதால் தொடும்போது அப்படித் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

சாதா நிட்டிங் காட்டன் இதற்கு நேரெதிர். முதல் சலவையில் சற்றுச் சுருங்கும், இழை பூத்துச் சந்துகளை அடைக்கும். புதுக் காட்டன் துணி துவைத்த பிறகு வெயிலை முன்பைவிட நன்றாக மறைப்பது இதனால்தான். நெற்றியில் உறுத்தாது, விலையும் குறைவு. பதிலுக்கு, விளிம்பு தளர்ந்து காதோடு தொங்கும். அடர் நிறம் ஒரு கோடையிலேயே வெளிறும்.

தினசரி போட்டு, வாராவாரம் துவைக்கிற தொப்பிக்கு நான் சாதாவைத்தான் எடுப்பேன். கல்யாண வீட்டுக்கும் கடற்கரைக்கும் அகல விளிம்போடு விறைப்பாக ஒன்று வேண்டுமானால் மெர்சரைஸ்டு. ‘தலைப்பகுதி சாதாவில், விளிம்பு மட்டும் மெர்சரைஸ்டில்’ என்று ஒரு யோசனை எல்லாருக்கும் வரும். செய்யலாம், ஆனால் சாதா நூலைக் கழியாக, அதாவது பெரிய தளர்ந்த வளையமாகச் சுற்றி முதலில் வெந்நீரில் அலசிக் காயவைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் துவைத்த அன்று தலைப்பகுதி சுருங்க, விளிம்பு சுருங்காமல் அப்பளம் பொரிந்த மாதிரி நெளிந்துகொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. ஆங்கர் மெர்சர் குரோஷே என்று 20, 40 நம்பர்களில் வரும் மெல்லிய பந்துகளும் மெர்சரைஸ்டுதான். அவை மேஜை விரிப்புக்கும் லேஸுக்கும் ஆனவை. அதில் தொப்பி தொடங்கினால் அடுத்த கோடைக்கு முடிக்கலாம்.

மற்ற போட்டியாளர்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மில்க் காட்டன் என்ற பெயரில் விற்பவற்றில் பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை இழைக் கலப்பு இருக்கும்; லேபிளில் விகிதத்தைப் பாருங்கள். பருத்தி தன் எடையில் எட்டு சதவீதத்துக்கு மேல் ஈரத்தைக் காற்றிலிருந்தே பிடித்து வைத்துக்கொள்ளும். அக்ரிலிக்கால் இரண்டு சதவீதம்கூட முடியாது. மழைக்கால ஊட்டிக்கு அது அருமையான தொப்பி. மே மாத வேலூரில் நெற்றி பிசுபிசுக்கும், கூடவே பஞ்சு உருண்டை கட்டும். எடை குறைவு என்ற ஒரு பிளஸ் மட்டும் உண்டு. திருப்பூர்ப் பனியன் வெட்டுத்துண்டிலிருந்து வரும் டி-ஷர்ட் நூலில் ஒரே மாலையில் தொப்பி முடியும். பையாக, கால்மிதியாக அது பிரமாதம். தொப்பியாகத் தலையில் வைத்தால் கழுத்து சொல்லும். ராஃபியா (பனை நார்) என்று கடைகளில் வருவதில் பெரும்பகுதி காகிதமோ ரேயானோதான். வடிவம் நன்றாக நிற்கும், வியர்வையும் சலவையும் ஆகாது. ரேயான் நனைந்தால் வலுவில் பாதியை இழக்கும், பருத்தியோ நனைந்தால் இன்னும் வலுக்கும். அந்த விறைப்புதான் வேண்டுமென்றால் நம்மூர்ப் பனையோலைத் தொப்பி இருக்கிறதே, வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். என்ன, மடித்துக் கைப்பையில் வைக்க முடியாது.

யாரும் அதிகம் பேசாத ஒருவர் பாக்கி இருக்கிறார்: நெசவுக்காகக் கூம்பில் சுற்றி வரும் ஆலைக் கோன் நூல். துண்டும் பெட்ஷீட்டும் நெய்யும் ஊர்களில் நூல் கடைக்காரரிடம் 2/10 நம்பர் காட்டன் கிடைக்குமா என்று கேளுங்கள். கணக்கு எளிது. ஒன்றாம் நம்பர் நூல் ஒரு பவுண்டுக்கு 840 கெஜம் ஓடும், அதாவது கிராமுக்கு ஏறக்குறைய 1.7 மீட்டர். நம்பர் கூடக் கூட நூல் மெல்லிசு, பத்தாம் நம்பர் அதே எடையில் பத்து மடங்கு ஓடும். அதை இரட்டையாக முறுக்கினால் (அதுதான் 2/10) ஐந்தாம் நம்பருக்குச் சமம், கிராமுக்கு எட்டரை மீட்டர். அதில் நாலு இழை சேர்த்துப் பிடித்தால் கிராமுக்கு இரண்டு மீட்டருக்குச் சற்று மேல், கடையில் டி.கே. என்று விற்கும் நடுத்தர நூலின் தடிமன் கிட்டத்தட்ட வந்துவிடும். பந்தாக வாங்குவதைவிட மலிவு. ஆனால் நாலு இழையும் ஒன்றாக முறுக்கப்படாததால் ஊசி ஏதாவது ஒன்றை விட்டுவிட்டுப் போகும். புதிதாகப் பின்னுகிறவர்களுக்கு இது தலைவலி. ஒற்றை இழை நூல் வேண்டாம், 2/10 போல இரட்டை முறுக்கு இருப்பதாகவே பாருங்கள்.

வெளுக்காத பழுப்பு நூல் கிடைத்தால் விடாதீர்கள். பருத்தியின் இயற்கையான நிறப்பொருள் புற ஊதாக் கதிரைக் கொஞ்சம் உறிஞ்சும்; வெளுக்கும்போது அது போய்விடும். ஆனால் பருத்தியின் மெழுகும் அதில் அப்படியே இருப்பதால் தண்ணீர் ஒட்டாமல் உருளும், வியர்வையும் அப்படித்தான். கழியாகச் சுற்றி, வாஷிங் சோடா போட்டுக் கொதிக்க வைத்து அலசினால் சரியாகும்.

நிறம் என்று வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அடர் நிறம் கதிரை நன்றாகத் தடுக்கும், வெப்பத்தையும் இழுக்கும். வெளிர் நிறத்தில் தொப்பியைப் பின்னி, விளிம்பின் அடிப்பக்கத்துக்கு மட்டும் கரும்பச்சையோ நீலமோ கொடுத்து இரட்டையாக்கினால், தரையிலிருந்து எதிரொளிக்கும் கூச்சமும் குறையும், விளிம்பும் தடிக்கும். சாயம் போகாமலிருக்கக் கல்லுப்பிலும் வினிகரிலும் ஊறவைக்கச் சொல்வார்கள். பருத்தியில் ஏற்கெனவே ஏற்றிய சாயத்தை இரண்டும் பிடித்து வைக்காது. வெந்நீரில் தண்ணீர் தெளியும்வரை அலசி, ஒட்டாத சாயத்தை வெளியேற்றுவதுதான் வழி.

விளிம்புக்கு எவ்வளவு அகலம்? ஆஸ்திரேலியாவின் புற்றுநோய் கவுன்சில் பெரியவர்களுக்கு அகலத் தொப்பி என்றால் குறைந்தது 7.5 சென்டிமீட்டர், பக்கெட் தொப்பி என்றால் 6 சென்டிமீட்டர் என்கிறது. கடைத் தொப்பிகள் பல இதை எட்டுவதில்லை. காட்டனில் 7.5 தொங்காமல் நிற்க மூன்று வழி. கஞ்சி முதல் வழி. புடவைக்குப் போடுவது போலவே. அன்றைக்கு அட்டகாசமாக நிற்கும், வியர்த்தால் கரைந்து நெற்றியில் வழியும், அலமாரியில் கரப்பான் பூச்சிக்கு விருந்து. இரண்டாவது, கடைசிச் சுற்றில் ஒரு மில்லிமீட்டர் தங்கூஸ் நரம்பை (நைலான் இழை) உள்ளே வைத்து அதன் மேல் பின்னிப் போவது. சலவைக்கு அசையாது, மடித்தாலும் திரும்ப விரியும். என் ஓட்டு இதற்கே. இரும்புக் கம்பி மூன்றாவது வழி. அது துருப்பிடிக்கும், பேசுவதற்கு வேறொன்றுமில்லை.

அளவு விஷயத்தில் காட்டனைக் கம்பளி போல நினைக்கக் கூடாது. கம்பளி தலைக்கு ஏற்ப இழுபட்டுத் திரும்பும். காட்டன் இழுபட்டால் இழுபட்டதுதான். டி.கே. நூல், 3.5 மில்லிமீட்டர் ஊசி, பத்து சென்டிமீட்டருக்கு இருபது சிங்கிள் கண்ணி, இருபத்திரண்டு சுற்று என்று வைத்துக்கொள்வோம். தலைச் சுற்றளவு 56 சென்டிமீட்டர் என்றால் கணக்குப்படி 112 கண்ணி வர வேண்டும். நான் 108-இல் நிறுத்தச் சொல்வேன், போடப் போட அது 56-க்கு வந்துவிடும். மேஜிக் ரிங்கில் (இழுத்து மூடக்கூடிய நூல் வளையம்) ஆறு கண்ணியில் தொடங்கி, சுற்றுக்கு ஆறு கூட்டிக்கொண்டே போனால் பதினெட்டாவது சுற்றில் 108. கூட்டும் இடத்தைச் சுற்றுக்குச் சுற்று மாற்றி வையுங்கள், இல்லையென்றால் உச்சி வட்டமாக இல்லாமல் அறுகோணமாகும். அதன் பிறகு கூட்டாமல் ஒன்பது சென்டிமீட்டர் சுவர், அப்புறம் விளிம்பு. விளிம்பிலும் சுற்றுக்கு ஆறு கூட்டினால் தட்டையாக விரியும். ஒன்று விட்டு ஒரு சுற்றில் கூட்டினால் பக்கெட் தொப்பி போலச் சரியும். முழுத் தொப்பிக்கு 220 முதல் 250 மீட்டர் நூல் போகும், விளிம்பின் அடிப்பக்கம் இரட்டிப்பதானால் விளிம்புக்குப் போன அளவு இன்னொரு பங்கு. நூறு கிராம் பந்து ஒன்றை நம்பி இறங்காமல் ஒரே சாயத் தொகுதியில் இரண்டு வாங்கிவிடுங்கள்.

சாதா காட்டனில் பின்னினால், கண்ணியை எண்ணுவதற்கு முன் ஒரு சாண் சதுரம் பின்னித் துவைத்துக் காயவைத்து அதை அளக்க வேண்டும். மெர்சரைஸ்டில் இதைத் தாண்டிப் போனாலும் தப்பிக்கலாம். துவைத்த தொப்பியைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் ஈரக் காட்டனின் கனத்தில் நீளும். தலையளவுக்குப் பொருந்தும் ஒரு எவர்சில்வர் குண்டானைக் கவிழ்த்து, அதன் மேல் மாட்டி, விளிம்பைக் கையால் நீவிவிட்டு நிழலில் காயவைத்தால் போதும்.