பழைய சுவிஸ், எச்.எம்.டி., சீக்கோ 5: மொரிஷியஸ் வெயிலுக்கும் ஈரத்துக்கும் எது தாங்கும்?

கையைக் கடிக்காத விலையில் பழைய வாட்ச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் மூன்றில் ஒன்றில் வந்து நிற்கிறார்கள். 1950, 60களில் செய்த, தினமும் சாவி கொடுக்க வேண்டிய சுவிஸ் வாட்ச். இந்தியாவின் எச்.எம்.டி. ஜப்பானின் சீக்கோ 5. எதை முதலில் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: டயலில் எழுதியிருக்கும் பெயரை அப்புறம் பார்க்கலாம். மிஷினை மூடியிருக்கும் வெளிக்கூடான கேஸ் எந்த உலோகம், டயல் தொழிற்சாலையில் அச்சிட்டதுதானா என்று முதலில் பாருங்கள். வேறு ஊரில் இந்த வரிசை மாறலாம், மொரிஷியஸில் மாறாது.

காரணம் நம் தட்பவெப்பம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை போர்ட் லூயியில் பஸ்ஸை விட்டு இறங்கி அலுவலகப் படி ஏறுவதற்குள் வாட்சுக்கு அடியில் வியர்வை கோத்துக்கொள்கிறது. கடலோரக்காரர்களுக்கு உப்புக் காற்று. மேட்டில் க்யூர்பீப் பக்கம் இருப்பவர்களுக்கு மழையும் ஈரமும்; அங்கே பீரோவுக்குள் வைத்த தோல் ஸ்ட்ராப்கூடப் பூஞ்சை பிடிக்கும். தைப்பூசம் வருவது கொளுத்தும் கோடையில். காவடி எடுப்பவர் கையில் வாட்ச் இருக்காது, கூட நடக்கிறவர்கள் கையில் இருக்கும். அப்படி ஒரு நாள் முழுக்கக் கட்டிவிட்டுத் துடைக்காமல் மேசையில் வைத்து, இதையே வழக்கமாக்கினால், குரோம் பூச்சுப் போட்ட பித்தளைக் கேஸில் ஸ்ட்ராப் மாட்டும் காதுகளின் உள்பக்கம் பச்சை படியத் தொடங்கும். பூச்சு ஒருமுறை உரிந்துவிட்டால் நல்லபடியாகத் திரும்பப் போடும் ஆள் கிடைப்பது கஷ்டம்.

அழகு மட்டும்தான் கணக்கு என்றால் சுவிஸுக்கே முதலிடம். 33லிருந்து 35 மில்லிமீட்டர் அகலம், மெல்லிய உடம்பு, நடுவில் லேசாகப் புடைத்த பிளாஸ்டிக் கண்ணாடி. முழுக்கைச் சட்டையின் கஃப்புக்குள் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். கல்யாணத்துக்கு வேட்டி கட்டும் நாளிலும் சரி, கோட்டுப் போடும் நாளிலும் சரி, இதற்கு ஈடாக இன்று கடையில் விற்கும் 42 மில்லிமீட்டர் வாட்ச் எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. கண்ணாடியில் கீறல் விழுந்தால் பயமில்லை, துணியில் கொஞ்சம் பற்பசை தொட்டுப் பொறுமையாகத் தேய்த்தால் மெல்லிய கீறல்கள் மறைந்துவிடும்.

ஒமேகா, லாஞ்சின் பக்கம் போனால் விலை ஏறிவிடும். சிறு தொகையில் வாங்க நினைப்பவர்கள் அதிகம் கேள்விப்படாத பெயர்களைத் தேட வேண்டும். அந்தக் காலத்தில் எத்தனையோ சிறு சுவிஸ் கம்பெனிகள் சொந்தமாக மிஷின் செய்யவில்லை, ஏ. ஷில்ட், எஃப்.எச்.எஃப்., ஈட்டா போன்றவர்களிடம் வாங்கித் தங்கள் பெயர் அச்சிட்ட டயலை மேலே வைத்தார்கள். அதனால் யாருக்கும் தெரியாத பெயரைத் தாங்கிய வாட்சுக்குள், இன்றும் உதிரி பாகம் கிடைக்கிற ஏ. ஷில்ட் மிஷின் இருக்கலாம். பின்மூடியைத் திறந்து, முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்துக்கு அருகே தட்டில் பொறித்திருக்கும் சின்ன முத்திரையைப் படித்தால் தெரிந்துவிடும். ‘ஏ.எஸ்.’ என்று இருந்தால் எனக்குப் பாதி நிம்மதி.

பழைய சுவிஸ் டயல்களில் ‘17 ஜுவல்ஸ்’ என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். சக்கரங்களின் அச்சுமுனை தேயாமல் சுழல்வதற்காக வைக்கும் செயற்கைச் சிவப்புக்கற்கள்தான் அவை. தீச்சுடரில் பொடியை உருக்கிச் சிவப்புக்கல் வளர்க்கும் முறையை 1902இல் ஃபிரெஞ்சு வேதியியலாளர் வெர்னே வெளியிட்டார். கல் மலிவானது அதற்குப் பிறகுதான். நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 1960களின் நடுவில், ஏற்றுமதி மண்டலச் சட்டம் வருவதற்கு முன்பே, போன்சினி என்பவர் இங்கே மைக்ரோ ஜுவல்ஸ் என்ற தொழிற்சாலையைத் தொடங்கி, சுவிஸ் வாட்சுகளுக்கான கற்களை இங்குள்ள கைகளால் துளையிட்டு மெருகேற்றி அனுப்பினார். 1960களின் பிற்பகுதி சுவிஸ் வாட்ச் ஒன்றைக் கையில் எடுக்கும்போதெல்லாம், அதில் சுழல்கிற கல் இந்தத் தீவைத் தாண்டிப் போனதாக இருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு வரும். கரும்பைத் தவிர வேறு எதுவும் தெரியாத தீவு என்று நம்மை நினைத்த காலத்தில் நடந்தது இது. நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி.

சரி, குறைகளுக்கு வருவோம். மலிவான சுவிஸ்களில் பலவற்றுக்குப் பின்மூடி மட்டுமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மற்றதெல்லாம் பூச்சுப் போட்ட உலோகம். ‘ஸ்டீல் பேக்’ என்று பொறித்திருப்பதைப் பார்த்து முழுதும் எஃகு என்று நம்பி வாங்கிவிட வேண்டாம். இரண்டாவது, இருட்டில் ஒளிரும் முட்கள். 1960களின் தொடக்கம் வரை அதில் ரேடியம் என்ற கதிரியக்கப் பொருளைப் பூசினார்கள். முள் ஒளிர்வதை நிறுத்திவிட்டாலும் ரேடியம் ஓயாது; அது பாதியாகக் குறையவே 1,600 ஆண்டு வேண்டும். கட்டிக்கொள்வதைவிட ஆபத்தானது, வீட்டில் திறந்து சுரண்டி அந்தத் தூளை மூச்சில் இழுப்பது. டயலின் அடியில், 6 மணிக்குக் கீழே, ‘டி சுவிஸ் டி’ (T SWISS T) என்று இருந்தால் அது பிறகு வந்த டிரிட்டியம். அதன் வீரியம் 12 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகிவிடும் என்பதால் இன்று கவலைப்பட ஒன்றுமில்லை. மூன்றாவது, சர்வீஸ். மிஷினை முழுக்கப் பிரித்துக் கழுவி எண்ணெய் இட வாட்ச் ரிப்பேர்க்காரர் கேட்கும் கூலி, வாட்சின் விலையைத் தாண்டக்கூடும். அந்தக் கூலி நியாயமானதுதான். வாங்கும்போதே அதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

எச்.எம்.டி.யைப் பற்றி எழுதும்போது மனது வேறு மாதிரி ஆகிறது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து 1961இல் பெங்களூரில் தொடங்கிய அரசு ஆலை. முதல் வாட்சுகளை வெளியிட்டவர் நேரு. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை முழுக்க மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் போட்ட வாட்ச் இதுவே. ஜனதா, பைலட், சோனா, காஞ்சன் என்று பெயர்களே ஒரு காலத்தைச் சொல்லும். 2016இல் இந்திய அரசு வாட்ச் பிரிவை மூட முடிவெடுத்தது. சாவி கொடுக்கும் ஜனதாவின் மிஷின் எளிமையானது, முரட்டுத்தனமாக உழைக்கும், தமிழ்நாட்டில் தெருமுனை ரிப்பேர்க்காரர்கூடக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சேர்ப்பார்.

ஆனால் இன்று சந்தையில் கிடைக்கும் எச்.எம்.டி.க்களில் ஏராளமானவை மறுபடி பெயின்ட் அடித்தவை. பழைய டயலைச் சுரண்டி, பளிச்சென்ற பச்சையோ ஆரஞ்சோ பூசி, மேலே எழுத்தை அச்சிட்டு, ‘புதிது, பயன்படுத்தாதது’ என்று விற்கிறார்கள். பழனிக்குப் போய்வந்த என் பெரியப்பா மகன் சென்னையில் இரண்டு ஜனதா வாங்கி வந்தார். சாப்பாட்டு மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடியை அவர் கையிலேயே கொடுத்தேன்.

“அண்ணே, அந்த நிமிஷக் கோடுகளை மட்டும் பாருங்க.”

“ஒண்ணுல கோடு கத்தி மாதிரி இருக்கு. இன்னொண்ணுல கொஞ்சம் கொழகொழன்னு இருக்கே தம்பி.”

“அந்தக் கொழகொழப்புதான் பெயின்ட். இப்ப 4 மணிக் குறிக்கு நேரா 20ஆவது நிமிஷக் கோடு வருதான்னு பாருங்க.”

வரவில்லை. ஒரு மயிரிழை விலகியிருந்தது. ஒட்டிவைத்த மணிக்குறிகளின் ஓரத்திலும் பெயின்ட் தேங்கி மேடு தட்டியிருந்தது. எழுத்துகளின் உள்வளைவுகள் மை நிரம்பி அடைபட்டிருந்தன. மற்றொரு ஜனதாவின் டயல் வெளுத்து, ஓரத்தில் பழுப்பேறிப் பழையதாகத் தெரிந்தது. அண்ணனுக்குப் பிடித்திருந்தது பளபளப்பானது. உண்மையானது பழுப்பேறியது. வயதான டயலை அப்படியே விட்டுவிடுங்கள் என்று நான் யாரிடமும் வாதாடுவேன். அதில் இருக்கும் கறை அந்த வாட்சின் வயது, அதைத் துடைத்தால் வாட்சுக்கு வரலாறு கிடையாது.

கேஸ் விஷயத்தில் எச்.எம்.டி. தோற்கிறது. பழைய ஜனதாக்களில் பெரும்பாலானவற்றுக்குக் குரோம் பூச்சுத்தான். இங்கே தினமும் கட்டினால் காதுகளிலும், மணிக்கட்டு உரசும் இடத்திலும் பித்தளை எட்டிப் பார்க்கும். அதனால் என் கணக்கில் இது குளிர்கால வாட்ச். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், காற்று உலர்ந்து சட்டைக்கை நீளும்போது, எடுத்துக் கட்டுங்கள்.

சீக்கோ 5க்கு இந்த இரண்டுக்கும் இருக்கும் காவியச் சோகம் கிடையாது. அது உழைக்கப் பிறந்த வாட்ச். 1963இல் வந்த முதல் மாடலிலிருந்து ஐந்து வாக்குறுதிகள்: தானே சாவி ஏறும் மிஷின், கிழமையும் தேதியும் ஒரே சாளரத்தில், தண்ணீர் தாங்கும் தன்மை, 4 மணிப் பக்கம் உள்ளே ஒதுங்கிய, நேரம் வைக்கும் திருகு, உறுதியான கேஸும் பட்டையும். திருகு 4 மணிக்கு இறங்கியதால் மணிக்கட்டின் பின்புறத்தைக் குத்தாது. எல்லாவற்றையும்விட முக்கியம், 1970களிலிருந்து வந்த சீக்கோ 5களில் கேஸ் பெரும்பாலும் முழு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நம் வியர்வைக்கும் உப்புக்கும் இதுவே சரியான பதில். சோப்புத் தண்ணீரில் பழைய டூத்பிரஷ் கொண்டு பட்டையைத் தேய்த்தால் புதுசு மாதிரி ஆகிவிடும்; வாட்சிலிருந்து கழற்றிவிட்டுத் தேய்க்க வேண்டும், தண்ணீர் புகாமல் தடுக்கும் பழைய ரப்பர் வளையத்தை நம்பி வாட்சைத் தண்ணீரில் முக்கக் கூடாது.

வயதைக் கண்டுபிடிப்பதும் இதில் ஒரு தனி இன்பம். பின்மூடியில் நான்கு நான்கு எண்களாக ஒரு குறியீடு இருக்கும்: முதல் நான்கு மிஷின், அடுத்த நான்கு கேஸ். அதோடு ஆறிலக்க வரிசை எண் ஒன்று. அதன் முதல் எண் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். நவம்பருக்கும் டிசம்பருக்கும் எண்ணுக்குப் பதில் எழுத்து. முதல் எண் 8 என்றால் 1978ஆ, 1988ஆ, 1998ஆ? அதை மிஷின் சொல்லும். 7009 என்றால் 70, 80களுக்குள் தேடலாம். 7எஸ்26 என்றால் 1996க்கு முன் போக முடியாது, அந்த மிஷின் வந்ததே அந்த ஆண்டுதான்.

7009, 7எஸ்26 இரண்டிலும் கையால் சாவி கொடுக்க முடியாது. லேசாக ஆட்டி எழுப்பி, நேரம் வைத்துக் கட்ட வேண்டும். நாலைந்து வாட்சை மாற்றி மாற்றிக் கட்டுகிறவர்களுக்கு இது சின்னத் தொல்லை. 7எஸ்26 தேய்ந்துபோனால் அதே குடும்பத்தின் என்.எச்.36 மிஷினை முழுசாக மாற்றிவிடலாம். அது கையாலும் சாவி ஏற்றுக்கொள்ளும், நேரம் வைக்கும்போது வினாடி முள்ளையும் நிறுத்தலாம். வாட்ச் கௌரவம் குறைந்துவிட்டது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். கட்டுவதற்காக வாங்கியது ஓடினால் போதும் என்பது என் கட்சி.

பெயின்ட் அடிக்கும் வியாதி சீக்கோ 5ஐயும் விட்டுவைக்கவில்லை. குறிப்பாக 7009களில். டயலின் கடைசி ஓரத்தில், கண்ணாடி வளையத்தை ஒட்டி, எறும்பு எழுத்தில் மிஷின் எண்ணும் டயல் எண்ணும் இருக்க வேண்டும். அது காணவில்லை என்றாலோ, மங்கிக் குழம்பியிருந்தாலோ, விலை எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

அழகில் சீக்கோ சுவிஸை நெருங்காது என்று சொல்பவர்களோடு நான் பாதி ஒத்துப்போகிறேன். மெல்லிய உடம்பு அதற்கு இல்லை. ஆனால் 1970களின் நீல டயல் ஒன்றை மாலை வெயிலில் திருப்பிப் பாருங்கள். நடுவிலிருந்து கதிர் கதிராக ஒளி ஓடும், ஓரத்தில் கறுப்பாக அடங்கும். அந்த வேலைப்பாட்டை அந்த விலைக்கு வேறு யாரும் கொடுத்ததில்லை. பழைய பட்டைதான் கைமயிரைப் பிடுங்கும், கடகடக்கும். கழற்றி வைத்துவிட்டு நைலான் ஸ்ட்ராப் போடலாம்.

பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்சைப் பற்றி ஒரு வார்த்தை. 1969 டிசம்பரில் சீக்கோவே ஆஸ்ட்ரான் என்ற குவார்ட்ஸ் வாட்ச் மூலம் தொடங்கிவைத்த புரட்சியால்தான் பழைய சுவிஸ் இன்று இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது. ஃபிளிக் ஆன் ஃபிளாக்கில் கடலில் இறங்க வேண்டுமென்றால் மேலே சொன்ன மூன்றையும் வீட்டில் வைத்துவிட்டு, 200 மீட்டர் வரை தண்ணீர் தாங்கும் கேசியோ டியூரோ மாதிரி புது வாட்ச் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள்.

ஆகவே, ஒரே ஒரு பழைய வாட்ச் வாங்கும் காசு மட்டும் இருப்பவர், பெயின்ட் அடிக்காத டயலுள்ள, 1970, 80களின் சீக்கோ 5 வாங்கட்டும். கூடக் கொஞ்சம் காசும் சர்வீஸுக்குப் பொறுமையும் இருந்தால், முழு எஃகுக் கேஸில் ஏ. ஷில்ட் மிஷினுள்ள சுவிஸ். விசேஷங்களுக்கு அதை மிஞ்ச ஆளில்லை. எச்.எம்.டி.யைக் கடையிலோ இணையத்திலோ தேடுவதற்கு முன் சொந்தக்காரர்களிடம் கேளுங்கள். சென்னையிலோ மதுரையிலோ உறவு இருந்தால் அவர்கள் வீட்டு அலமாரியில் நின்றுபோன ஒன்று கட்டாயம் கிடக்கும். யாரும் பெயின்ட் அடிக்காதது. விற்பவர் யாராக இருந்தாலும், பின்மூடியைத் திறந்து மிஷினையும், டயலின் அடி ஓரத்தையும், காதுகளின் உள்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் பணம் அனுப்ப வேண்டாம்.